வளர்த்த நாய் இறந்துவிட்டால்: முதல் மணித்தியாலத்திலிருந்து அடுத்த குட்டி வரை

மனிசர் ஒருவர் கண்மூடினால் மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் அடுத்து என்ன செய்வதென்று வீட்டுக்காரர் யோசிக்கத் தேவையில்லை. பந்தல் வரும், கதிரை வரும், அயல்வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். எட்டாம் நாள் இன்னது, முப்பத்தோராம் நாள் இன்னது என்று ஊரே கணக்குச் சொல்லும். கூட இருந்து அழவும் ஆள் இருக்கும், "போதும், எழும்பிச் சாப்பிடு" என்று சொல்லவும் ஆள் இருக்கும். பத்து வருடம் வாசலில் படுத்திருந்த நாய் இறந்தால் இவற்றில் ஒன்றும் கிடையாது. விடியப் புதைத்துவிட்டு எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போக வேண்டும்.

துக்கம் அதனால் சிறிதாகிவிடுவதில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடுதான் இல்லாமல் போகிறது. அந்த ஏற்பாட்டை வீட்டுக்காரரே தன் கையால் செய்துகொள்ள வேண்டும்: உடலுக்கு ஒரு இடம், அழுவதற்கு ஒரு நேரம், கதைப்பதற்கு ஓர் ஆள். இந்த வழிகாட்டி அதற்குத்தான். உடலைப் பற்றிய பகுதிகள் வாசிக்கக் கடினமாக இருக்கும். இருந்தாலும் அவற்றை விரிவாகவே எழுதியிருக்கிறோம். அவசரத்தில் பிழையாகச் செய்த அடக்கம்தான் பிறகு மாதக்கணக்கில் ஆட்களை வாட்டுகிறது.

முதல் மணித்தியாலம்

முதலில் உயிர் போய்விட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். நெஞ்சின் இடப்பக்கம், முன்காலின் முழங்கை மடிந்து தொடும் இடத்தில் உள்ளங்கையை வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். துடிப்பு இருக்கக் கூடாது. மூச்சு இருக்கக் கூடாது. கண்மணி விரிந்து, டோர்ச் வெளிச்சத்துக்கும் அசையாமல் இருக்கும். முரசு (பல்லீறு) வெளிறியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு மணித்தியாலம் பொறுத்து மறுபடி பாருங்கள். அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

இறந்த பிறகு நடக்கும் சில விடயங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. கண் மூடாது. மூடிவிட்டாலும் திறந்துகொள்ளும். சிறுநீரும் மலமும் வெளியே வரும். தூக்கும்போது நெஞ்சிலிருந்து காற்று வெளியேறி முனகியது போலச் சத்தம் கேட்கலாம். கால் தசை துடிக்கலாம். வைத்தியர் ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை முடித்திருந்தால், இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்து மூச்சு இழுப்பது போல ஓர் அசைவு வருவதுண்டு. இவையெல்லாம் நரம்பும் தசையும் செய்யும் வேலை. நாய்க்கு அது தெரியாது. இது தெரியாதவர்கள்தான் "உயிரோடு புதைத்துவிட்டோமோ" என்று பல வருடம் நித்திரையில்லாமல் கிடக்கிறார்கள்.

எங்கள் வெக்கையில் உடல் இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே விறைக்கத் தொடங்கும். அதற்கு முன் கால்களை வயிற்றோடு மடித்து, அது வழமையாகப் படுத்திருக்கும் விதத்திலேயே சுருட்டிக் கிடத்துங்கள். குழியும் சிறிதாகப் போதும், பார்க்கவும் மனம் ஆறும். விறைத்துவிட்டால் வற்புறுத்தி மடிக்க வேண்டாம். நிழலான சீமெந்துத் தரையில் பழைய சாரத்தை விரித்துக் கிடத்தி, வாலடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள். வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டுமென்றால், ஐஸ் ஆன தண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி வயிற்றைச் சுற்றி வைக்கலாம். அப்படியிருந்தும் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவதுதான் சரி. எட்டு மணித்தியாலத்தைத் தாண்டவிட வேண்டாம்.

புதைக்க முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எப்படி இறந்தது? வாகனம் அடித்து, கிழடாகி, நெடுநாள் வருத்தத்தில் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். காரணம் தெரியாமல், சில நாட்களுக்குள் குணம் மாறி இறந்திருந்தால் விசர் நோயை (ரேபிஸ்) சந்தேகிக்க வேண்டும். காரணமில்லாமல் கடித்தது, குரல் கரகரத்தது, எச்சில் வழிந்தது, கீழ்த்தாடை தொங்கியது, பின்கால் இழுத்தது, அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள் இறந்தது ஆகியவை அடையாளங்கள். எல்லாம் ஒன்றாக வரவேண்டியதில்லை.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் உயிரை எடுக்கின்றன. "தண்ணீர் குடித்தது, ஆகவே விசர் இல்லை" என்பது ஒன்று. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறி. விசர் பிடித்த நாய் தண்ணீர் குடிக்கப் பார்க்கும். மற்றது, தாடை தொங்கினால் தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது. அப்படிப் பார்த்தவர், கடிபட்டவர், நகம் கீறியவர், புண்ணில் எச்சில் பட்டவர் எல்லோரும் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை, கல்முனையில் உள்ள ஆதார வைத்தியசாலைகள் என எது கிட்டவோ அங்கே. நாயின் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த நோய்க்கு அறிகுறி தொடங்கிய பிறகு மருந்து இல்லை.

சந்தேகம் இருந்தால் உடலை வெறுங்கையால் தொடாமல், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ பி.எச்.ஐ.க்கோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அரச கால்நடை வைத்தியருக்கோ சொல்லுங்கள். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். தலையை எடுக்கிறார்கள் என்பது வளர்த்தவர்களுக்குத் தாங்க முடியாத விடயம். பிள்ளைகளை அந்த நேரம் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிகுதி உடலை நீங்கள் மரியாதையாக அடக்கம் செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயல் காலத்தில் மஞ்சள் பிடித்துச் சிறுநீர் நிறம் மாறி இறந்திருந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். சிறுநீர் பட்ட இடத்தைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாயின் கதையை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடக்கம்: எழுவான்கரை மண்ணும் படுவான்கரை மண்ணும்

பிரதேசத்துக்கு ஏற்றபடிதான் குழி வெட்ட வேண்டும். வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரையில் மணல். தோண்டுவது லேசு, ஆனால் சுவர் சரியும். மாரியில் இரண்டு மூன்று அடியிலேயே தண்ணீர் ஊறும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் களிமண் பாங்கு. கோடையில் அலவாங்கு இல்லாமல் இறங்காது, ஒருமுறை வெட்டினால் குழி நிலைத்து நிற்கும்.

நடுத்தர ஊர்நாய் ஒன்றுக்கு மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், நான்கு அடி ஆழம் வெட்டுங்கள். உடலுக்கு மேலே குறைந்தது மூன்று அடி மண் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மணலில் மேல்வாயை இன்னும் ஓரடி அகலமாக்கிச் சரிவாக வெட்டினால் சுவர் விழாது. கார்த்திகை, மார்கழியில் அடியில் தண்ணீர் தெரிந்தால் அதற்கு மேல் தோண்டாதீர்கள். தண்ணீருக்குள் உடலை இறக்கவும் கூடாது. மேடான வேறு இடம் பாருங்கள்; அதுவும் இல்லையென்றால் ஒன்றரை அடி வெட்டிக் கிடத்தி, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேலே மூன்று அடி உயர மேடாகக் கட்டி, ஓரங்களைக் கல்லால் இறுக்குங்கள்.

கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பத்துப் பேர்ச்சஸ் வளவில் இதற்கு வழியில்லை. உங்கள் கிணற்றுக்குத் தூரம் என்று அயலவர் வேலியோரம் வெட்டினால் அது அவருடைய கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடும், கோபதாபமும் வரும். அப்படியானவர்கள் தோட்டக்காணி உள்ள உறவினர் ஒருவரைக் கேட்பதே நல்லது. தென்னந்தோட்டம் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இடமே இல்லாதவர்கள் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுப் பாருங்கள். வாவியிலோ ஆற்றிலோ விட வேண்டாம்; இரண்டு நாளில் ஊதி இன்னொருவருடைய வலையடியில் ஒதுங்கும். டயர் போட்டு எரிக்கவும் வேண்டாம். பாதி எரிந்த உடலைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் நினைவில் நிற்காது.

சுற்றுவதற்குப் பருத்தித் துணி, பழைய சாரம், பன்பாய், ஓலைப்பாய் நல்லவை. உரப்பையும் போலித்தீனும் வேண்டாம், உள்ளே மண் சேராமல் உடல் அழுகித் தேங்கும். கழுத்துப்பட்டி, சங்கிலி, மணியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சுண்ணாம்பு போட்டால் உடல் சீக்கிரம் கரையும் என்பது சரியல்ல. வாடையை அடக்க மட்டும் ஒரு சிரட்டை அளவு தூவலாம், கட்டாயமில்லை.

மண்ணை ஓரடி ஓரடியாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். குழி நிறைய இன்னும் ஓரடி இருக்கும்போது பழைய தகரத்தையோ பெரிய கற்களையோ முள்ளுக் கொப்பையோ பரப்பி, அதன்மேல் மிச்ச மண்ணைப் போடுங்கள். தெருநாய், நரி, காட்டுப்பன்றி, கபரக்கொய்யா எல்லாம் தோண்டும். இந்த ஒரு அடுக்கைத் தவிர்த்த வீடுகளில்தான் மூன்றாம் நாள் குழி கிளறிக் கிடக்கிறது. ஊசி போட்டு இறந்த நாயின் உடலைத் தின்ற விலங்கும் செத்துப்போகலாம் என்பதால், அப்படியானால் ஆழத்தில் அரை அடிகூடக் குறைக்க வேண்டாம். மேலே அரை அடி மேடு விடுங்கள். உடல் அமிழ அமிழ மண் இறங்கும், முதல் மழைக்குப் பிறகு இன்னொரு முறை மண் போட வேண்டிவரும். அது வழமைதான்.

மரம் நட விரும்புபவர்கள் உடனே நடாமல் ஆறு மாதம் பொறுங்கள். அழுகும் உடலுக்கு நேர்மேலே நட்ட கன்றின் வேர் கருகிவிடும். இரண்டு அடி தள்ளிச் செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ நட்டால் இப்போதே வைக்கலாம்.

பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, விளக்கு வைக்கலாமா, துடக்கு இருக்கிறதா என்பது. துடக்கு உறவுமுறைக்குரியது. நாய்க்குத் துடக்குக் காக்கும் வழக்கம் இல்லை, குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். விளக்கு வைப்பதையும் யாரும் தடுக்க முடியாது. வைரவருக்கு வாகனமாக நாயை வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. வேதக்காரர் வீட்டில் ஒரு செபம் சொல்லலாம். ஒன்றிலும் நம்பிக்கையில்லாதவர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு, அதன் பெயரைச் சொல்லி, அது செய்த ஒன்றைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் நினைத்துப் பார்க்க ஒழுங்கான ஒரு முடிவு கிடைப்பது அதில்தான்.

பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் இருப்பவருக்கு

"செத்துப்போச்சு" என்ற சொல்லையே பாவியுங்கள். "நித்திரை கொள்ளுது" என்று சொல்லப்பட்ட நாலு வயதுப் பிள்ளை தான் நித்திரைக்குப் போகப் பயப்படும். "ஓடிட்டுது" என்று சொன்னால் ஒவ்வொரு பின்னேரமும் படலையில் நின்று தேடும், தான் அடித்ததால்தான் ஓடியது என்றும் நினைக்கும். "அதின்ர உடம்பு வேலை செய்யிறத நிப்பாட்டிட்டுது. இனி மூச்சு விடாது, நோகாது, திரும்பி வராது" என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே அடுத்த நாளே "எப்ப வரும்?" என்று கேட்பார்கள். விளங்காமல் கேட்பதுதான். அதே பதிலை அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். அடக்கத்துக்கு வர விரும்பினால் கூட்டி வரலாம், விரும்பாதவரை இழுத்து வர வேண்டாம். உடல் சிதைந்திருந்தால் முகத்தை மட்டும் வெளியே விட்டு மிச்சத்தைத் துணியால் மூடிக் காட்டுங்கள்.

பதின்ம வயதினர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். அழவில்லை என்பதற்காகக் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். குழி வெட்ட, பாய் எடுக்க, பெயர்ப்பலகை எழுத என்று கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் பக்கத்தில் நின்று தானாகக் கதைப்பார்கள். சோதனை நடக்கிறது, மறைக்கலாமா? வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் மறைக்க முடியாது; மறைத்தது தெரியவரும்போது நாயும் போய் நம்பிக்கையும் போகும். விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள்தான் சோதனை என்றால் முடியும்வரை பொறுக்கலாம்.

கட்டாரிலோ சவூதியிலோ கனடாவிலோ இருப்பவர் வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு முன்பே நாயைத்தான் கேட்டிருப்பார். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படத்தைப் போட்டு அவர் வேலையிடத்தில் வைத்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். வேலை முடியும் நேரம் பார்த்து அழைத்து, குரலில் சொல்லுங்கள். அடக்கத்தைப் படம் பிடிக்கட்டுமா என்று அவரைக் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். தூரத்தில் இருப்பவருக்குக் குழியின் ஒரு படமாவது வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த விடுமுறைக்கு வரும்போது படலையைத் திறந்ததும்தான் அவருக்கு அது சாகும்.

முதல் இரண்டு கிழமை

துக்கம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. சில நேரங்களில் வந்து அடிக்கும்: விடியத் தும்புத்தடி எடுக்கும்போது, மீன்காரர் ஹோர்ன் அடிக்கும்போது, பாண் வண்டியின் பாட்டுக் கேட்கும்போது, மீன்தலையை ஒதுக்கி வைக்கும்போது, சோற்றுச்சட்டி வழிக்கும்போது, படலை சத்தம் போடும்போது, இரவு இரண்டு மணிக்கு. ஒரு கொப்பித்தாளில் உங்கள் வீட்டுக்குரிய நேரங்களை எழுதுங்கள். நாலைந்துதான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மீன்தலையைத் தெருவில் இன்னொரு நாய்க்குக் கொண்டுபோய் வைக்கலாம். பின்னேரம் நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் நீங்கள் மட்டும் நடக்கலாம், ஆனால் முதல் கிழமை வேறு ஒழுங்கையால் போங்கள். சோறு ஒரு சுண்டு குறைத்துப் போடப் பழகச் சில நாள் எடுக்கும். மிஞ்சுகிற சோற்றைப் பார்த்து அழுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அழுகைக்கென்று ஒரு நேரம் வையுங்கள். பின்னேரம் இருபது நிமிடம், குழியடியிலோ கிணற்றடியிலோ. பகலெல்லாம் அடக்கிக்கொண்டு வேலை செய்பவருக்கு, பிறகு அழ ஓர் இடம் இருக்கிறது என்பதே ஒரு பிடிமானம். இருபது நிமிடம் முடிய முகம் கழுவி, கையால் செய்யும் ஒரு வேலைக்குப் போங்கள். பசிக்காது, நேரத்துக்குக் கஞ்சியாவது குடியுங்கள். நித்திரை வராவிட்டால் இரவில் போனில் அதன் வீடியோக்களைப் பார்க்க வேண்டாம், பகலில் பாருங்கள். அந்தப் படங்களையும் குரைக்கும் சத்தம் உள்ள வீடியோக்களையும் இந்தக் கிழமையே இன்னொருவருடைய போனுக்கோ கணினிக்கோ அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் போனால் அது இரண்டாவது சாவு.

கோப்பை, சங்கிலி, படுத்த சாக்கு ஆகியவற்றை முதல் நாளே எறிய வேண்டாம். உதவி செய்கிறேன் என்று யாராவது அள்ளிக் கொண்டுபோகவும் விட வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டுக் கண்ணில் படாத இடத்தில் வைத்து, ஒரு மாதம் கழித்துத் திறந்து எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று முடிவெடுங்கள். தொற்றுநோயில் இறந்திருந்தால் மட்டும் சாக்கையும் துணியையும் உடனே அழித்துவிட வேண்டும். மிஞ்சிய மருந்துக் குளிசைகளை இன்னொரு நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

"நான் பார்த்திருக்கலாம்"

நாய் வளர்த்தவர்களின் துக்கத்தில் மிகவும் கனமான பகுதி இது. மனிதர் தன் வருத்தத்தைச் சொல்வார். நாய் சொல்லாது, மறைக்கவும் செய்யும். அதனால் எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் விழுந்தது போல இருக்கும்.

ஒரு தாளை நடுவே மடியுங்கள். இடப்பக்கம் "அன்றைக்கு எனக்குத் தெரிந்தது", வலப்பக்கம் "இன்றைக்குத் தெரிவது". ஒவ்வொரு நாளாக எழுதுங்கள். திங்கள்: இடப்பக்கம், "சாப்பாடு குறைவு, வெக்கை என்று நினைத்தேன்." வலப்பக்கம், "அது உண்ணிக்காய்ச்சலின் தொடக்கம்." உங்களை நீங்கள் குற்றம் சாட்டுவது பெரும்பாலும் வலப்பக்கத்தை வைத்துக்கொண்டுதான். ஆனால் அன்று முடிவெடுத்த ஆளின் கையில் இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது. எழுதாமல் மனத்துக்குள் செய்து பார்த்தால் இது வேலை செய்யாது. இரண்டும் கலந்துவிடும்.

சில உண்மைகளையும் பக்கத்தில் வையுங்கள். சிறுநீரக வருத்தம் வெளியே தெரியும்போது சிறுநீரகத்தின் வேலையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். பார்வோ என்ற வைரஸ் வயிற்றுநோய் வந்த குட்டி, சேலைன் ஏற்றிச் சரியாகப் பார்த்தாலும் சாகலாம். உண்ணிக்காய்ச்சலின் முதல் அடையாளம் வெறும் சோர்வுதான். கண்ணாடிவிரியன் கடித்த நாயைக் காப்பாற்ற மருந்து, தூரம், நேரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். இன்னும் கேள்வி மிஞ்சினால் பார்த்த வைத்தியரிடம் ஒருமுறை போய், எழுதிக்கொண்டு போன கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாவது தரம் போகாதீர்கள், பதில் மாறாது.

உண்மையிலேயே ஒரு தவறு இருக்கலாம். தடுப்பூசி போடவில்லை, படலையைத் திறந்து விட்டுவிட்டோம். அப்போது "உன்னில் பிழையில்லை" என்ற ஆறுதல் வேலை செய்யாது, சொல்பவரிலும் நம்பிக்கை போகும். பிழையை ஒரு வசனத்தில் எழுதி, அதற்குக் கீழே இனி மாறுகிற ஒரு வேலையை எழுதுங்கள்: படலைக்குக் கொக்கி, அயலிலுள்ள நாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போடும் நாளில் கூட்டிப்போவது. ஊசி போட்டு முடிக்கச் சம்மதித்தவர்களின் குற்ற உணர்வு வேறு வகை. மூச்சுவிட முடியாத, எழும்ப முடியாத உடலுக்கு நீங்கள் நாளைக் குறைக்கவில்லை, நோவைத்தான் குறைத்தீர்கள்.

நஞ்சு வைத்தார்கள் என்று சந்தேகித்தால் கத்தாமல் முதலில் ஆதாரத்தைப் பாருங்கள். வாந்தியைக் கையுறையோடு போத்தலில் எடுங்கள், உடலை ஐஸில் வையுங்கள், அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் உடற்கூற்றுப் பரிசோதனை கேளுங்கள், பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதற்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907இலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. வயலோரத்தில் வாய் சிதைந்து இறந்த நாய் பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்திருக்கலாம். மற்ற நாய்களையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சனத்தின் கதை

"நாய்க்குப் போய் இப்பிடி அழுறியா புள்ள?" என்று மாமி கேட்பா. பதில் சொல்லி வெல்ல முடியாது, வெல்ல வேண்டியதும் இல்லை. "ஓம் மாமி, எங்களோட கனகாலம் இருந்தது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போங்கள். கந்தோரில் காரணம் சொல்லி லீவு எடுக்க முடியாது. ஒரு நாள் சொந்த லீவாகவே எடுங்கள், நாயின் பெயரைச் சொல்லிக் கெஞ்சிப் புண்பட வேண்டாம். உங்களோடு கதைக்க ஓர் ஆள் போதும். நாய் வளர்த்தவராக இருந்தால் நல்லது. அவரிடம் "ஆலோசனை வேண்டாம், கேட்டால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அயலில் ஒருவருக்கு இப்படி நடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். போய், அந்த நாயின் பெயரைச் சொல்லி ஒரு வசனம் கதையுங்கள். "வேற ஒண்டு எடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய துக்கம் கிளம்பினால்

இந்தக் கரையில் பலருக்கு நாயோடு மட்டும் நிற்பதில்லை. யுத்தத்தில் காணாமல் போனவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்கள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் போனவர்கள். உடலைக் காணாமலே, குழி ஒன்று இல்லாமலே அந்தத் துக்கங்களைச் சுமந்த வீடுகள் எத்தனையோ. நாயின் குழிக்கு மண் போடும்போது அம்மம்மா திடீரெனத் தன் மகன் பெயரைச் சொல்லி அழலாம். "நாய்க்கு அழுறா" என்று யாரும் திருத்த வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். இரண்டொரு நாளில் அவவிடம் அந்த மகனைப் பற்றிக் கேளுங்கள். அவ கதைக்க விரும்பினால் நாயை விட்டுவிட்டு அதையே கதையுங்கள். ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு "அதைவிட இது பெரிசா?" என்று கேட்பது இரண்டையும் அவமதிப்பது.

இரவுப் பயம் வேறு, துக்கம் வேறு

தனியே இருக்கும் பெண்கள், வயதானவர்கள், யானை வரும் எல்லைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்கு நாய்தான் காவல். அது போனதும் இரவு நித்திரை வராது, அதைத் துக்கம் என்று எண்ணிக்கொள்வார்கள். பாதி பயம். பயத்துக்கு மருந்து வேறு: வாசலிலும் பின்பக்கத்திலும் லைட், படலைக்குப் பூட்டு, பக்கத்து வீட்டோடு "போன் அடித்தால் வாங்கோ" என்ற பேச்சு, யானைப் பக்கமென்றால் வேலியில் கட்டித் தொங்கவிட்ட வெறும் டின்கள். முதல் கிழமைக்கு உறவுப்பிள்ளை ஒன்றைப் படுக்கக் கூப்பிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பயத்தில் மூன்றாம் நாளே ஒரு குட்டியைக் கொண்டுவந்து, அதில் அன்பும் வைக்க முடியாமல் அவதிப்படுகிறார்கள்.

மிஞ்சியிருக்கும் நாயும் பூனையும்

தொற்றுநோய் இல்லையென்றால், கூட வளர்ந்த நாயை உடலை மணந்து பார்க்க விடுங்கள். தேடித் திரிவது, படலையில் படுப்பது, ஊளையிடுவது, சோறு குறைவது எல்லாம் இரண்டு மூன்று கிழமை இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தையும் படுக்கும் இடத்தையும் மாற்ற வேண்டாம். ஒரு நாள் தண்ணீரே தொடாவிட்டால், இரண்டு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள், அதே நோய் தொற்றியிருக்கவும் கூடும். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட்டுவிடலாம், ஒரு நாளுக்கு மேல் பொறுக்க வேண்டாம்.

எப்போது உதவி தேட வேண்டும்

முதல் மாதம் அழுகை, நித்திரைக் குறைவு, அதன் நகச் சத்தம் கேட்பது போல இருப்பது எல்லாம் வழமை. ஒரு மாதம் தாண்டியும் வேலைக்குப் போக முடியவில்லை, உடல் மெலிகிறது, குடி கூடுகிறது என்றால் கிட்டிய வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். "நாய் செத்ததுக்கா?" என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணித் துணிந்து காரணத்தைச் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற நினைவு ஒருமுறை வந்தாலும் மாதக் கணக்குப் பார்க்காமல் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவித் தொலைபேசி, தமிழில் கதைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். வயல் செய்யும் வீடுகளில் அந்த நாட்களில் கிருமிநாசினிப் போத்தல்களை வீட்டிலிருந்து எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். தனியே இருக்கும் முதியவர், நாய் ஒன்றே துணையாக இருந்தவர் என்றால் அயலவர் இரண்டு மாதத்துக்கு நாளுக்கு ஒருமுறை படலையில் நின்று ஒரு குரல் கொடுக்க வேண்டும்.

அடுத்த குட்டி

இத்தனை மாதம் என்று கணக்கில்லை. ஒரு சோதனை இருக்கிறது: கோயிலடியில் யாரோ விட்டுப்போன குட்டி ஒன்றைப் பார்க்கும்போது, பழைய நாயோடு ஒப்பிடாமல் அந்தக் குட்டியையே பார்க்க முடிகிறதா? முடிந்தால் நேரம் வந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கு இன்னும் முடியவில்லை என்றால் அவருக்காகப் பொறுங்கள். பழைய பெயரை வைக்க வேண்டாம். வைத்தால், தான் அல்லாத ஒன்றாக இருக்கும்படி அந்தக் குட்டியை நாள்தோறும் கேட்பதுபோல ஆகும்.

பழைய நாய் பார்வோவில் போயிருந்தால் அந்தக் கிருமி வளவு மண்ணில் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கக்கூடும். சீமெந்துத் தரையை முதலில் சவர்க்காரத்தால் கழுவி, வெளுக்கும் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். மணலில் இது வேலை செய்யாது. ஆகவே அந்த வளவுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசித் தொடர் பதினாறு வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் போகும். அதுவரை குட்டியை உறவினர் வீட்டில் வளர்க்கலாம். இல்லையென்றால் ஊசி போட்ட வளர்ந்த நாய் ஒன்றை எடுக்கலாம். தெருவில் வளர்ந்த பெரிய நாய்களை யாரும் கேட்பதில்லை. ஒரு வருடத்துக்குள் நாய் வேண்டும் என்ற வீட்டுக்கு அவைதான் பொருத்தம்.